யூனிகோடு என்பது எழுத்துரு அல்ல

உறவினர் ஒருவரின் அறுபதாம் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதி, அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அரைமணி நேரத்தில் அங்கிருந்து அழைப்பு வந்தது. "சார், யூனிகோடு ஃபான்டில் அனுப்பியிருக்கிறீர்கள். எங்களிடம் அந்த ஃபான்ட் இல்லை. வேறு ஃபான்டில் மாற்றி அனுப்புங்கள்." பேசியவர் இருபது ஆண்டுகளாகப் பக்கம் வடிவமைப்பவர், வேலையில் கெட்டிக்காரர். ஆனால் நான் அவருக்கு எந்த ஃபான்டையும் அனுப்பவில்லை. வாட்ஸ்அப் செய்தியோடு ஃபான்ட் எதுவும் போவதே இல்லை. என் போனில் ஒரு வடிவத்தில் தெரிந்த வரி, அவர் போனில் வேறொரு வடிவத்தில் தெரிந்திருக்கும்.

"யூனிகோடு ஃபான்ட்" என்ற பேச்சை எங்கும் கேட்கிறேன். படைப்புகளை யூனிகோடு எழுத்துருவில் அனுப்பச் சொல்கிறார்கள், அலுவலகங்களில் யூனிகோடு ஃபான்ட் போட்டுத் தரச் சொல்கிறார்கள். நான் திருத்தினால், "சொல்லில் என்ன இருக்கிறது, விஷயம் புரிந்தால் போதாதா?" என்று கேட்கிறார்கள். விஷயம் புரிவதில்லை என்பதுதான் என் கவலை. பெயரைத் தவறாகச் சொல்லிப் பழகியதால், கோளாறு ஓரிடத்தில் இருக்க, இன்னோரிடத்தில் போய்ப் பழுது பார்க்கிறோம். நாற்பது பக்கக் கட்டுரையை முதலிலிருந்து மறுபடி தட்டச்சு செய்தவர்களை எனக்குத் தெரியும். இரண்டு நிமிடத்தில் மாற்றியிருக்கக்கூடிய கட்டுரை அது.

அதனால் இதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். கணினி பற்றி முன்பே ஏதும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

ஒரே எண், இரண்டு ஊர்

சென்னையில் ஓர் எண் போட்ட டவுன் பஸ் ஓடுகிறது. அதே எண்ணில் மதுரையிலும் ஒரு பஸ் ஓடுகிறது. எண் ஒன்றுதான், போகும் இடம் வேறு. எந்த ஊர்ப் பட்டியலை வைத்துப் பார்க்கிறோம் என்று தெரியாமல் வெறும் எண்ணை மட்டும் ஒருவர் சொன்னால், பஸ் எங்கே போகும் என்று நம்மால் சொல்ல முடியாது.

கணினியின் நிலைமையும் இதுதான். அதற்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். நாம் "க" என்று சேமிக்கும்போது உள்ளே ஓர் எண்தான் போய் உட்காருகிறது. திறக்கும்போது அந்த எண்ணை எடுத்து, "இந்த எண்ணுக்கு எந்த எழுத்து?" என்று ஒரு பட்டியலைப் பார்த்துக்கொள்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று சொல்லும் இந்தப் பட்டியலுக்குப் பெயர் குறிமுறை. எழுதியவர் ஒரு பட்டியலையும் படிப்பவர் வேறொரு பட்டியலையும் வைத்திருந்தால், மதுரைப் பட்டியலை நம்பிச் சென்னையில் பஸ் ஏறிய கதையாகிவிடும்.

ஆங்கிலத்துக்கு இந்தப் பட்டியல் 1960களிலேயே வந்துவிட்டது. ஆஸ்கி என்பது அதன் பெயர். பெரிய எழுத்து ஏ என்றால் 65, பி என்றால் 66. மொத்தம் 128 எண்கள். அதில் தமிழுக்கு இடம் இல்லை.

எழுத்துரு என்பது கையெழுத்து

ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து "க" எழுதுகிறார்கள். ஒருத்தி குண்டாக எழுதுவாள், ஒருவன் சாய்த்து எழுதுவான். ஆசிரியைக்கு நாற்பதும் "க"தான். எழுத்து ஒன்று, கைகள் நாற்பது.

கணினியில் அந்தக் "கை"க்குப் பெயர் எழுத்துரு, அதாவது ஃபான்ட். படங்கள் நிறைந்த ஒரு கோப்பு அது. இந்த எண் வந்தால் இந்தப் படத்தை வரை என்று ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு படம் அதில் இருக்கும். எழுத்துருவை மாற்றினால் படம் மாறும், உள்ளே இருக்கும் எண் மாறாது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் போனில் ஒரு சிரிப்பு முகத்தை அனுப்பிப் பாருங்கள். ஐபோனில் அது ஒரு மாதிரி தெரியும், சாம்சங்கில் வேறு மாதிரி தெரியும். முகத்தின் படம் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் பயணம் செய்வதில்லை. அதன் எண் மட்டுமே போகிறது. அந்தந்தப் போன் தன்னிடம் உள்ள படத்தை வரைந்துகொள்கிறது. நாம் அனுப்பும் "அம்மா"வும் அப்படித்தான் போகிறது.

விரல் படும் இடம்

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து வரும் என்ற ஏற்பாடு. இதுதான் விசைப்பலகை அமைப்பு. தட்டச்சுப் பயிலகத்தில் படித்தவர்கள் பழைய தட்டச்சு முறையில் அடிப்பார்கள். 1999ல் வகுக்கப்பட்ட தமிழ்99 முறையில் சிலர் அடிப்பார்கள். பெரும்பாலோர் ஆங்கில எழுத்துகளை ஒலிக்கேற்பத் தட்டித் தமிழை வரவழைக்கிறார்கள். மூன்று பேரும் "அம்மா" என்று அடித்தால் மூவர் விரலும் வெவ்வேறு இடங்களில் படும். ஆனால் இன்று மூவர் கோப்பிலும் சேமிக்கப்படும் எண்கள் ஒன்றே: 2949, 2990, 3021, 2990, 3006.

இதுவரை வந்தவை மூன்று. விரல் எங்கே படுகிறது என்பது விசைப்பலகை அமைப்பு. உள்ளே என்ன எண் போகிறது என்பது குறிமுறை. திரையில் என்ன படம் வருகிறது என்பது எழுத்துரு. யூனிகோடு இந்த மூன்றில் நடுவில் இருப்பது.

மூன்றும் ஒட்டிக்கொண்டிருந்த காலம்

பிறகு ஏன் எல்லோரும் அதை ஃபான்ட் என்கிறார்கள்? அதற்கு நியாயமான ஒரு காரணம் இருக்கிறது.

1990களில் தமிழைக் கணினியில் ஏற்ற முனைந்தவர்களுக்கு இருந்த கதவு ஒன்றுதான். கணினி ஆங்கிலப் பட்டியலை மட்டுமே அறியும். எனவே ஆங்கில எழுத்தின் எண்ணை அப்படியே விட்டுவிட்டு, அந்த எண்ணுக்கான படத்தை மட்டும் மாற்றினார்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பரவலாகப் புழங்கிய பாமினி எழுத்துரு இதற்குச் சரியான உதாரணம். அதில் சின்ன எழுத்து ஜே இருக்க வேண்டிய இடத்தில் "த" வின் படம் இருக்கும். கே இடத்தில் "ம". பி இடத்தில் இகரத்தின் கொக்கி. ஓ இடத்தில் "ழ". அரைப்புள்ளி இடத்தில் மெய்ப்புள்ளி. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாகத் தட்டினால் திரையில் "தமிழ்" என்று வரும்.

கணினியைப் பொறுத்தவரை அது தமிழே அல்ல. ஓர் ஆங்கில எழுத்துக் குவியல், அவ்வளவுதான். பாமினியின் படங்களை மேலே போர்த்தியிருக்கும் வரை நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். போர்வையை எடுத்தால் ஜே கே பி ஓ என்று நிற்கும்.

என் சித்தப்பா 2002ல் எங்கள் குடும்ப வரலாற்றை அறுபது பக்கம் இப்படித்தான் தட்டச்சு செய்து வைத்தார். கோப்பு ஒரு பிளாப்பியில், எழுத்துரு இன்னொரு பிளாப்பியில். இரண்டின் மீதும் நீல மையில் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. கோப்பை யாரோ மின்னஞ்சலில் ஏற்றிக் காப்பாற்றிவிட்டார்கள். எழுத்துரு இருந்த பிளாப்பி தொலைந்துபோனது. அவர் மறைந்த பிறகு நான் கோப்பைத் திறந்தபோது அறுபது பக்கமும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருந்தன. "கோப்பு கெட்டுவிட்டது" என்றார்கள் வீட்டில்.

அந்தக் காலத்தில் பாமினி என்ற ஒரே கோப்பை நிறுவினால் மூன்று வேலையும் முடிந்தது. படமும் அதிலேயே, பட்டியலும் அதிலேயே, விரல் வைக்கும் இடமும் அதிலேயே. ஆகவே "பாமினி ஃபான்டில் அடித்தேன்" என்று சொன்னவர் முழு உண்மையைத்தான் சொன்னார். வானவில், ஸ்ரீலிபி என்று மற்றவையும் இதே வகை. ஆனால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருந்தது. ஒன்றில் "த" வாக இருந்த எண் இன்னொன்றில் வேறு எழுத்தாக இருந்தது. ஒவ்வொரு செய்தித்தாளின் இணையப் பக்கத்தைப் படிக்கவும் அந்தந்தத் தாளின் எழுத்துருவைத் தனியாக இறக்கிக்கொண்ட காலத்தை நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தச் சிதறலை ஒழுங்குபடுத்தப் பலர் உழைத்தார்கள். பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்துத் திஸ்கி என்ற பொதுப் பட்டியலை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்ற பட்டியல்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. அந்த மனிதர்களின் உழைப்பை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது. ஆனால் அவர்களுக்கு இருந்த இடம் குறுகியது. ஒரு பைட்டுக்குள், அதாவது 0 முதல் 255 வரையான எண்களை மட்டும் கொள்ளும் சிறு பெட்டிக்குள், ஆங்கிலத்தையும் விடாமல் தமிழையும் அடைக்க வேண்டியிருந்தது.

பிறகு யூனிகோடு வந்தபோது, மக்கள் அதையும் பழைய வரிசையிலேயே சேர்த்துவிட்டார்கள். பாமினி ஃபான்ட், வானவில் ஃபான்ட், யூனிகோடு ஃபான்ட். குழப்பத்தின் வேர் இந்த வரிசையில்தான் இருக்கிறது. பழைய சொல்லில் தவறில்லை. பொருள் மாறிய பிறகும் சொல் மாறாமல் நின்றுவிட்டது.

யூனிகோடு செய்தது என்ன

யூனிகோடு என்பது, தமிழில் ஒருங்குறி என்பது, உலக மொழிகளின் எழுத்துகள் அனைத்துக்கும் சேர்த்து வகுத்த ஒரே பட்டியல். முதல் பதிப்பு 1991ல் வந்தபோதே தமிழ் அதில் இருந்தது. 2944 முதல் 3071 வரையான 128 இடங்கள் தமிழுக்கு. அவற்றில் 72 இடங்கள் நிரம்பியிருக்கின்றன. "க" என்றால் 2965. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் டொரான்டோவிலும் அதே 2965. அந்த எண்ணை வேறு எந்த மொழியின் எந்த எழுத்துக்கும் தர மாட்டார்கள்.

பட்டியலில் படம் இல்லை என்பதை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். தமிழ் எண் ஒன்றை இப்படி எழுதுவோம்: ௧. உயிர்மெய் ககரத்தை இப்படி எழுதுவோம்: க. பார்வைக்கு இரண்டும் ஒன்று. யூனிகோடில் முதலாவது 3047, இரண்டாவது 2965. அதேபோல உகரமும் தமிழ் இரண்டும் பார்வைக்கு ஒன்று, எண்ணில் 2953, 3048. யூனிகோடு பார்ப்பது "இது யார்?" என்பதை. "எப்படி இருக்கிறது?" என்பது எழுத்துருவின் பொறுப்பு.

பட்டியல் வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. கணினிகள் அதைப் புரிந்துகொள்ள வேண்டும், அந்த எண்களுக்குப் படம் வைத்திருக்கும் எழுத்துருவும் வேண்டும். விண்டோஸ் 2000 லதா என்ற எழுத்துருவோடு வந்தது. அதற்குப் பிறகுதான் தனியாக எதையும் நிறுவாமல் தமிழ் படிப்பது மெல்ல மெல்லச் சாதாரணமானது. தமிழ்நாடு அரசு 2010ல் யூனிகோடைத் தன் பயன்பாட்டுக்கான தரமாக அறிவித்தது.

லதா யூனிகோடு பட்டியலின்படி படங்களை அடுக்கி வைத்திருக்கும் எழுத்துரு. நோட்டோ சான்ஸ் தமிழும் அப்படியே. இவற்றை "யூனிகோடு ஃபான்ட்" என்று யாராவது அழைத்தால், "யூனிகோடைப் பின்பற்றும் ஃபான்ட்" என்ற பொருளில் அதை ஏற்றுக்கொள்வேன். அப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. "அந்த யூனிகோடு ஃபான்டைக் கொடுங்கள்" என்று ஒன்றே ஒன்றைக் கேட்கும்போதுதான் தவறு தொடங்குகிறது.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததல்ல. மியன்மாரில் ஜாவ்ஜி என்ற எழுத்துரு இதேபோல் படமும் பட்டியலுமாகக் கலந்து நாடு முழுவதும் பரவியிருந்தது. அங்கே 2019 அக்டோபர் 1 அன்று நாடே யூனிகோடுக்கு மாறுவதென்று நாள் குறித்து மாறினார்கள்.

247 எழுத்துக்கு 72 எண்களா?

யூனிகோடு பற்றிய இன்னொரு பரவலான மனக்குறை இது. "தமிழில் 247 எழுத்து. அவர்கள் 72தான் கொடுத்திருக்கிறார்கள். மீதியை விட்டுவிட்டார்கள்." அந்த 72லும் தமிழ் எண்கள், நாள், மாதம், வரவு, பற்று போன்ற குறிகள், ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் அடக்கம் என்றால் குறை இன்னும் பெரிதாகத் தெரியும்.

எந்த எழுத்தும் விடுபடவில்லை. யூனிகோடு உயிர்மெய்யை இரண்டு எண்களாக எழுதுகிறது. "கு" என்பது ககரமும் உகரக் குறியும். "க்" என்பது ககரமும் புள்ளியும். அகரம் ஏறிய "க" மட்டும் ஒற்றை எண். இதை நீங்களே இப்போதே பார்க்கலாம். போனில் "கு" என்று தட்டுங்கள். பின்னழிப்பு விசையை ஒரு முறை அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் முழு எழுத்தும் போகாது, உகரம் மட்டும் போய் "க" நிற்கும். இன்னொரு முறை அழுத்தினால்தான் "க" போகும். நீங்கள் அழித்தவை இரண்டு எண்கள்.

இதனால் எழுத்தை எண்ணும்போது கணக்கு வேறுபடும். "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து எண்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. "கிருஷ்ணமூர்த்தி" நமக்கு எட்டு எழுத்து, கணினிக்குப் பதினைந்து. இணையப் படிவத்தில் "பெயர் 12 எழுத்துக்குள்" என்று போட்டிருந்தால், எட்டெழுத்துக் கிருஷ்ணமூர்த்தியைப் பாதியிலேயே நிறுத்திவிடும். படிவத்தை எழுதியவர் எண்களை எண்ணிவிட்டு அதற்கு எழுத்து என்று பெயர் வைத்திருக்கிறார். இது எனக்குப் பெரிய தவறாகவே படுகிறது. பெயர் ஒருவருடைய சொந்தம். அதை அளக்கும் கோலைச் சரிபார்ப்பது படிவத்தை எழுதுபவரின் கடமை.

குறுஞ்செய்தியிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70. ஒரு குறுஞ்செய்தி கொள்வது 140 பைட். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றும் ஒரு பைட்டுக்கும் சற்றுக் குறைவான இடத்தில் நெருக்கி அடுக்குவதால் 160 கொள்கிறது. செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் செய்தியும் எண்ணுக்கு இரண்டு பைட் என்ற கணக்குக்கு மாறிவிடும். 140ஐ இரண்டால் வகுத்தால் 70. அந்த எழுபதிலும் "தமிழ்" என்ற சொல் ஐந்தை எடுத்துக்கொள்ளும். மூல விதியை வகுத்தவர்கள் ஆங்கிலத்தை முன்னால் வைத்துக் கட்டிய வீட்டில் நாம் பின்னால் குடியேறியதன் விளைவு இது.

ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் வேண்டும் என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். டேஸ்16 என்ற பட்டியல் அப்படி உருவானதுதான். 2010 அரசாணை அதையும் மாற்று ஏற்பாடாக ஏற்றது. அந்த வாதத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் யூனிகோடு ஒரு முறை கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்குவதில்லை. அந்த உறுதியை நம்பித்தான் இன்று எழுதும் கோப்பை நம் பேரப்பிள்ளைகளும் திறக்க முடியும் என்கிறோம். அதை விலையாகக் கொடுத்து எண்ணிக்கையைச் சீராக்குவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

கொம்பு இடம் மாறுவது

பள்ளியில் "கெ" எழுதும்போது முதலில் ஒற்றைக்கொம்பு போட்டுவிட்டுப் பிறகு "க" எழுதினோம். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவர்களும் அதே வரிசையில்தான் தட்டினார்கள். யூனிகோடில் வரிசை தலைகீழ்: முதலில் ககரம், பிறகு எகரக் குறி. "கொ" என்றால் ககரம், பிறகு ஒகரக் குறி. திரையில் வரையும்போது அந்த ஒரே குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னாலும் துணைக்கால் பின்னாலும் போய் நிற்கும்.

ஏன் இப்படி? நாம் எழுதும் வரிசை கையின் வசதி, நாம் சொல்லும் வரிசை ஒலியின் வரிசை. "கெ" என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது க், பிறகே எ. யூனிகோடு ஒலியின் வரிசையை எடுத்துக்கொண்டது. தொல்காப்பியமும் மெய்யின் பின்னரே உயிர் தோன்றும் என்றுதான் சொல்கிறது.

ஒலி வரிசையில் இருக்கும் எண்களை எழுத்து வரிசைக்கு மாற்றிக் கொம்பை முன்னே கொண்டுவந்து வைக்க ஒரு நிரல் வேண்டும். அதைக் கோக்கும் நிரல் என்று வைத்துக்கொள்வோம், பூக்கோப்பது போல எழுத்தைக் கோப்பதால். பெரும்பாலான செயலிகளில் அது இருக்கிறது. சில பழைய வடிவமைப்பு மென்பொருள்களிலும் காணொளித் தலைப்பு போடும் மென்பொருள்களிலும் இல்லை. பதாகைகளில் "மெட்ரோ" என்ற சொல்லில் மகரம் முதலில் நிற்க, கொம்பு அநாதையாகப் பின்னால் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, உரையும் சரியாகவே இருக்கிறது. கோப்பதற்கு ஆள் இல்லை.

ஆக, உள்ளே எண்கள் ஒலி வரிசையில் இருக்கின்றன. கோக்கும் நிரல் அவற்றை எழுத்து வரிசைக்கு மாற்றுகிறது. எழுத்துரு படம் தருகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் திரையில் ஒரு "கெ" வரும்.

நோயைப் பார்த்து இடத்தைச் சொல்வது

இத்தனை விளக்கமும் இதற்காகத்தான். திரையில் தமிழ் கெட்டுத் தெரியும்போது அது எப்படிக் கெட்டிருக்கிறது என்று பாருங்கள். இடம் தெரிந்துவிடும்.

வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எண்கள் சரியாக இருக்கின்றன, அவற்றுக்குப் படம் வைத்திருக்கும் எழுத்துரு இல்லை. இந்த ஒரு நோய்க்குத்தான் எழுத்துரு மருந்து. ஒன்றை நிறுவினால் போதும்.

படிக்க முடியாத ஆங்கில எழுத்துகளாக, நடுவே அரைப்புள்ளிகளோடு தெரிந்தால் அது பழைய எழுத்துருவில் அடித்தது. லதாவை நிறுவினாலும் நோட்டோவை நிறுவினாலும் அது தமிழாகாது. எந்தப் பழைய எழுத்துரு என்று கண்டுபிடித்து, மாற்றி என்ற கருவியால் எண்களையே மாற்ற வேண்டும். பிடிஎஃப் கோப்பில் கண்ணுக்கு நல்ல தமிழாகத் தெரிந்து, நகலெடுத்து ஒட்டினால் மட்டும் இப்படி வருமானால் அதுவும் இதே நோய்தான். அந்தப் பிடிஎஃபில் எந்தத் தமிழ்ச் சொல்லைத் தேடினாலும் கிடைக்காது.

தலைமேல் சாய்கோடு போட்ட சின்ன ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர், மறுபடி சாய்கோட்டு ஏ என்று மாறி மாறி வந்தால் மகிழுங்கள். உரை முழுதாக இருக்கிறது. 2965 போன்ற எண் ஒரு பைட்டில் அடங்காது. யூடிஎஃப்-8 என்ற முறை ஒவ்வொரு தமிழ் எண்ணையும் மூன்று பைட்டுகளாக அடுக்குகிறது. முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. ஐரோப்பியப் பழைய பட்டியலில் 224 என்றால் அந்தச் சாய்கோட்டு ஏ, 174 என்றால் வட்டத்துக்குள் ஆர். மூன்று மூன்றாகச் சேர்த்துப் படிக்க வேண்டியதை ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறார்கள். திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் தமிழ் திரும்பிவிடும்.

கேள்விக்குறிகளாக மட்டும் தெரிந்தால் வருத்தமான செய்தி. தமிழ் எண்ணைக் கொள்ளாத ஓரிடத்தில் யாரோ சேமித்துவிட்டார்கள், அது ஒவ்வொன்றையும் கேள்விக்குறியாக மாற்றிவிட்டது. அந்த உரை போய்விட்டது, மூலத்தைத் தேட வேண்டியதுதான்.

புள்ளிகளால் ஆன வட்டத்தின் பக்கத்தில் கொம்போ காலோ தெரிந்தால், ஒரு குறி தன் மெய்யை இழந்து தனியே நிற்கிறது என்று பொருள். பெரும்பாலும் மாற்றியின் பிழையாகவோ வரிசைப் பிழையாகவோ இருக்கும்.

எல்லாம் சரியாகத் தெரிந்தும் தேடினால் மட்டும் கிடைக்கவில்லை என்றால், ஒரே தோற்றமுள்ள இரண்டைக் கலந்திருக்கிறார்கள். "ஔவை" என்பதை ஒகரமும் ளகரமுமாகச் சேர்த்து "ஒளவை" என்று அடிப்பவர்கள் மிகப் பலர். பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது, கணினிக்கு இரண்டும் வெவ்வேறு ஆள். "ஸ்ரீ"யும் அப்படித்தான். 2005ல் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டு எழுதிய "ஶ்ரீ" ஒன்று, ஸகரத்தால் எழுதியது இன்னொன்று.

பத்திரிகையும் பிளாப்பியும்

அச்சகத்தாரின் தேவை என்னவென்று இப்போது சொல்லலாம். அவருடைய வடிவமைப்பு மென்பொருள் பழையது, யூனிகோடைக் கோக்கத் தெரியாதது. அவருக்கு வேண்டியிருந்தது பழைய பட்டியலின்படி அமைந்த எண்கள். எந்தப் பழைய எழுத்துரு என்று கேட்டுக்கொண்டு, வாசகத்தை மாற்றியில் இட்டு அனுப்பினேன். இரண்டே நிமிடம். பத்திரிகை அழகாக வந்தது.

சித்தப்பாவின் கோப்புக்கு ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. பாமினி என்று கண்டுபிடிக்க முதல் வரியே போதுமானதாக இருந்தது. மாற்றி அறுபது பக்கத்தையும் நொடியில் தமிழாக்கியது, கொம்புகளையும் இடம் மாற்றி வைத்தது. ஆனால் சித்தப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்திருக்கிறது. ரகரமும் துணைக்காலும் அவர் திரையில் ஒன்றுபோலத் தெரிந்ததால், கைக்கு எளிதாகக் கிடைத்ததைத் தட்டியிருக்கிறார். அன்று கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிழை, எண்கள் மாறியதும் வெளியே வந்தது. "மரம்" பல இடங்களில் "மாம்" என்று நின்றது. "மாமா" சில இடங்களில் "மரமர" என்று நின்றது. ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

திருத்தி முடித்ததும் தேடல் கட்டத்தில் ஆத்தாவின் பெயரை, "வள்ளியம்மை" என்று தட்டினேன். பதினான்கு இடங்களில் இருந்தது. முதலாவது மூன்றாம் பக்கத்தில், கிணற்றடியில் நின்ற புங்கமரத்தைப் பற்றிய பத்தியில்.